ரஸ்தாளி: ஒரு வாழையும் பல பெயர்களும்

கவிதை எழுதுவோர் நிறைந்த அவையில் வாழைப்பழத்தைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். விழாப் பந்தலின் வாயிலில் குலையோடு கட்டப்படும் மரம் அது. தாம்பூலத் தட்டில் வெற்றிலையோடு வைக்கப்படும் பழம் அது. எந்நாளும் கண்ணில் படுவதனாலேயே எவரும் நின்று பார்க்காத பொருள்களுள் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஆயினும், பெயரிடுதல் என்னும் தொழிலில் கவிஞனுக்கும் உழவனுக்கும் உள்ள உறவைக் காட்டுவதற்கு வாழையினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

நெல்லுக்கும் பெயர்கள் பல உண்டு, மாவுக்கும் உண்டு. ஆனால் அவை விதையால் பிறக்கக் கூடியவை. மாங்கொட்டையை மண்ணில் இட்டால் தாயைப் போன்றும் போலாதும் ஒரு கன்று முளைக்கும். ஒட்டுக் கட்டினால்தான் தாய் அப்படியே திரும்ப வரும். தோட்டத்து வாழைக்கு விதையே இல்லை. காட்டு வாழையின் பழத்தைப் பிளந்தால் மிளகினும் பெரிய கறுத்த கடு விதைகள் சதையை இடமின்றி நிறைத்திருக்கக் காணலாம். அவற்றுள் எங்கோ எப்போதோ விதையின்றிச் சதைப்பற்றோடு காய்த்த ஒன்றை மனிதன் கண்டான். அதன் கிழங்கிலிருந்து எழுந்த பக்கக்கன்றைப் பெயர்த்துத் தன் குடிசைப் புறத்தில் நட்டான். அன்று தொடங்கிய கைம்மாற்றமே இன்று வரையில் நடந்து வருவது.

மணமக்களை வாழ்த்துவோர் 'வாழையடி வாழையாக' என்கின்றனர். தலைமுறை தலைமுறையாகக் குலம் தழைக்க வேண்டும் என்பது அவ்வாழ்த்தின் கருத்து. தாவரவியலார் கணக்கில் அது தலைமுறையே ஆகாது. பக்கக்கன்று தாயின் மகவன்று, தாயின் உடலேதான். பாட்டன் காலத்தில் காவிரிக் கரையில் குலை தள்ளிய ரஸ்தாளியும் இன்று அதே கொல்லையில் நிற்கும் ரஸ்தாளியும் ஒரே உயிரின் நீட்சி. இடையிடையே சிறு பிறழ்ச்சிகள் நேர்ந்து சில வேறுபாடுகள் தோன்றியிருக்கலாம், அவ்வளவே. இப்படி ஓர் உயிர் தானே நகர மாட்டாமல், விதையை வீசவும் மாட்டாமல், மனிதர் கையையே கால்களாகக் கொண்டு நாடுகளைக் கடந்திருக்கிறது. சென்ற இடமெல்லாம் அது ஒரு பெயரைப் பெற்றது. அப்பெயர்களின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

முதலில் ரஸ்தாளி இன்னதென அறிய வேண்டும். பழத்தைக் கண்டு அறிவது எளிது: தோல் மெல்லியது, முற்றப் பழுத்தால் பொன்னிறம், உள்ளே சதை வெண்மையாக, மாப்போல் மிருதுவாக இருக்கும், இனிப்பின் அடியில் மெல்லிய புளிப்பு ஓடும். அரைப்பழுப்பில் தின்றவர் நாவில் துவர்ப்பு நிற்கும். பொறுத்தவரே அதன் சுவையை அறிவர். பழுத்தபின் நெடுநாள் பொறாது. சீப்பிலிருந்து பழங்கள் தாமே உதிரும். வெயில் நேரே பட்டால் தோல் வெடிக்கும். சில பழங்களின் நடுவே கல்லைப்போல் இறுகிய கட்டி விழுந்துவிடும். குலையை வாழைச் சருகால் போர்த்திப் பிள்ளையைப்போல் பேண வேண்டிய வகை அது. பழம் வருமுன்னரே மரத்தை அறிய விரும்புவோர்க்கும் அடையாளம் உண்டு. மஞ்சள் கலந்த பச்சைத் தண்டில் பழுப்புத் திட்டுகள் படர்ந்திருக்கும். இலைக்காம்பின் ஓரமும் மடலின் ஓரமும் செம்மை பூசியிருக்கும்.

பெயரின் முற்பகுதி ரசம் என்பதைத் தமிழ் அறிந்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ரஸ்தாளி, ரசதாளி, இரசதாளி என எழுத்து மூவகையாக அமையும். அவ்வடசொல்லுக்குச் சாறு என்றும் சுவை என்றும் பொருள் உண்டு. அணிநூலார் கவிதையின் சுவையையும் அச்சொல்லாலேயே குறித்தனர். ஒரு செய்தி இங்கே கருதத்தக்கது. ரஸ்தாளி என்பது வாழைக்கு மட்டும் உரிய பெயராக இருந்ததில்லை. 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர், மலையாள நாடுகளில் பயணம் செய்து 1807இல் தம் பயணநூலை வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானன், மைசூர்ப் பகுதியில் பயிரான நாட்டுக் கரும்பு வகைகளுள் ஒன்றின் பெயராக ரஸ்தாளியைக் குறித்திருக்கிறார். கரும்புக்கும் பழத்துக்கும் ஒரே பெயர்! சாற்றின் இனிமையைக் கண்ட நாக்கு, அது தட்டையில் இருந்து வந்ததா தாரில் இருந்து வந்ததா என்று பார்க்கவில்லை. உவமையின் பிறப்பிடம் இத்தகைய நாக்குகளே போலும்.

கன்னட நாட்டில் இதே வாழை 'ரசபாளெ' ஆகும். தமிழின் வாழை அங்கே 'பாளெ'. வகரம் பகரமாவது கன்னடத்தின் இயல்பு. மைசூரை அடுத்துக் கபினியாற்றின் கரையில் உள்ள நஞ்சன்கூடு இப்பழத்தைத் தன் ஊர்ப்பெயரோடு சேர்த்துக்கொண்டது. 'நஞ்சன்கூட்டு ரசபாளெ' என்றால்தான் அப்பகுதியார் மனம் நிறையும். ஆந்திரத்தில் இதன் பெயர் அமிர்தபாணி. சாற்றோடு நிற்காமல் அமுதத்துக்கே போய்விட்டனர். அசாமிலும் பீகாரிலும் 'மால்போக்' என்பர். தெய்வத்துக்குப் படைப்பதையும் மனிதர் துய்ப்பதையும் ஒருங்கே சுட்டும் 'போகம்' அப்பெயரில் இருக்கிறது. வங்காளத்தில் 'மர்த்தமான்'. இது சுவையைச் சொல்லும் பெயரன்று, ஊரைச் சொல்வது. சால்வீன் ஆற்றின் முகத்தில் உள்ள பர்மியத் துறைமுகமான மர்த்தபானின் பெயரே இப்படித் திரிந்தது என்பர். பெரிய மட்சாடிகளுக்குப் புகழ்பெற்ற துறைமுகம் அது. வங்கதேசத்திலும் திரிபுராவிலும் 'சப்ரி' என்ற பெயரும் வழங்குகிறது. இலங்கையில் சிங்களவர் இதனைக் 'கோலிகுட்டு' என்பர்; அங்கே கடைத்தெருவில் மற்றப் பழங்களினும் விலை கூடியது அது.

கடலுக்கு அப்பால் செல்லும்போது பெயர்கள் இன்னும் சுவையானவை. மலேசியாவில் இது 'பீசாங் ரஸ்தாலி'. பீசாங் என்பது மலாய் மொழியில் வாழை. பிற்பாதியைக் கேட்கும் தமிழர்க்கு விளக்கம் தேவைப்படாது. இந்தோனேசியாவில் 'பீசாங் ராஜா செரே'. ராஜா என்பது அங்கும் அரசனே. பிலிப்பைன்சில் 'லத்துந்தான்'. லெத்தோந்தால் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வாழை ஆதலால் அவர் பெயரே பழத்துக்கு ஆயிற்று என்று அந்நாட்டில் வழங்கும் செய்தி கூறுகிறது. கொண்டுவந்தவன் பெயரைப் பொருளுக்கு இடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆனால் சந்தையில் கூடையோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் வாயில் நாள்தோறும் தம் பெயர் ஒலிக்கும் பேறு பாதிரியார் பலருக்குக் கிட்டியிருக்காது.

மேற்கே, அமெரிக்கக் கரையில், அந்த மெல்லிய புளிப்பைக் கண்டவர்கள் ஆப்பிளை நினைத்துக்கொண்டனர். பிரேசிலில் 'பனானா மசா', இலத்தீன் அமெரிக்க நாடுகளில் 'மன்சானோ'. இரண்டும் ஆப்பிளையே சுட்டுவன. கரிபியத் தீவுகளில் பிரெஞ்சு பேசுவோர் 'ஃபீக் பொம்' என்பர். ஃபீக் என்றால் அத்தி. பொம் என்றால் ஆப்பிள். வாழையை முதலில் கண்ட ஐரோப்பியர் அதனை இந்திய அத்தி என்றழைத்த பழைய வழக்கின் மிச்சம் அது. ஆங்கிலம் பேசிய தீவினர் 'சில்க் ஃபிக்', அதாவது பட்டு அத்தி, என்றனர். அப்பட்டே பின்னாளில் ஆய்வுலகின் பெயராகவும் நிலைத்தது. ரஸ்தாளி முதலாக மேலே சொன்ன பெயர்கள் அனைத்தையும் வாழையியலார் 'சில்க்' என்னும் ஒரே உட்குழுவில் அடக்குகின்றனர். ஆஸ்திரேலியாவில் மட்டும் எவரும் உவமை தேடி அலையவில்லை. 'சுகர்' என்று சர்க்கரையின் பெயரை இட்டு முடித்துவிட்டார்கள். அச்சொல் பின்னர் மீண்டும் வரும்.

ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது நிகண்டு கற்றவர்க்குப் புதிதன்று. இடர் தோன்றுவது மறுபக்கத்தில்: ஒரே பெயர் வேறு வேறு பொருள்களைக் குறிக்கும்போது. 'பூவன்' என்னும் பெயரே அதற்குத் தலையாய சான்று. தமிழ்நாட்டில் பூவன் என்றால், சீப்பு நெருங்கிய தாரில் சிறிய, புளிப்பு மிகுந்த பழங்களைத் தரும் வகை என்பது யாவரும் அறிந்தது. கேரளத்தில் பூவன் என்று கேட்டால் கிடைப்பது ரஸ்தாளி. தமிழ்நாட்டுப் பூவனோ அங்கே பாளையங்கோடன் ஆகிவிடும்; அதுவே ஆந்திரத்தில் கர்ப்பூர சக்கரகேளி, வங்காளத்தில் சாம்பா, சிங்களத்தில் புளிப்பைச் சுட்டும் அம்புல். சர்வதேச ஏடுகளில் அதன் குழுப்பெயர் 'மைசூர்'. மைசூரைச் சூழ்ந்தவர்கள் தங்கள் பெருமையாகக் கருதும் பழம் நஞ்சன்கூட்டு ரசபாளெ; உலகம் மைசூரின் பெயரைச் சூட்டியிருப்பதோ வேறொன்றுக்கு. கர்ப்பூரம் என்ற சொல்லைக் கேட்டுத் தமிழ்நாட்டுக் கற்பூரவள்ளியை நினைப்பவர்களும் ஏமாறுவர். அது மூன்றாவது இனம். நெய்ப்பூவன் நான்காவது; அதைக் கேரளத்தார் ஞாலிப்பூவன் என்றும் கன்னடர் ஏலக்கி பாளெ என்றும் கூறுவர். ஆப்பிளின் கதையும் அவ்வாறே. ஹவாயில் 'ஆப்பிள் வாழை' என விற்கப்படுவது ரஸ்தாளியன்று. பழனி மலைச் சரிவில் விளையும் விருப்பாச்சியின் உறவினம்.

பூவனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழஞ்சிலேடையைக் கடந்து செல்ல இயலாது. பேயன், மொந்தன், பூவன் என்னும் மூன்று வாழைகளையும் மும்மூர்த்திகளாக்கிக் காட்டுவது தமிழ்ப் பெரியோர் வாய்மொழியில் வரும் விளையாட்டு. பேயோடு ஆடுபவன் பேயன். மொந்தன் 'முந்தன்' ஆகி முகுந்தனாவான். பூவில் உறைபவன் பூவன். கேரளத்தார் இச்சிலேடையை ஏற்றால் நான்முகன் ஸ்தானம் ரஸ்தாளிக்குப் போய்விடும். சிரிப்புக்காகச் சொன்னாலும் உள்ளிருக்கும் செய்தி சிறிதன்று. கன்று கேட்டு எல்லை கடக்கும் உழவன் ஒரு பெயரைச் சொல்லி வேறு மரத்தைப் பெற்று வருவான். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்து குலை தள்ளிய பிறகே உண்மை அறிவான். விதையில்லாத பயிருக்குப் பெயரே விதைச்சீட்டு. கையிலிருக்கும் கன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது அந்த ஒரு சொல்தான்.

இப்பெயர்க் காட்டில் வழி காண முயன்றோர் பலர். 1678இல் தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் மலையாளத் தாவரநூலில், கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட் முதல் தொகுதியிலேயே வாழையைச் சேர்த்தார். அங்கே அதன் தலைப்புப் பெயர் 'பல'. மலையாளத்து 'வாழ'வை ஐரோப்பியச் செவி வாங்கிய விதம் அது.

லின்னேயசுக்கு வாழையோடு தனி உறவு உண்டு. ஹாலந்தில் கிளிஃபர்ட் என்னும் செல்வரின் தோட்டத்தில் கண்ணாடி மனைக்குள் வாழையைப் பூக்கவும் காய்க்கவும் செய்து, 1736இல் அதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சமையலுக்குரிய வாழைக்கு அவர் இட்ட பெயர் மூசா பாரடைசியாக்கா, அதாவது சொர்க்கத்து வாழை, 1753. கனியாக உண்ணும் வாழைக்கு மூசா சேபியென்ட்டம், அதாவது ஞானியர் வாழை, 1759. இவை இரண்டும் தனித்தனி இனங்கள் என்று அவர் எண்ணியது பிற்காலத்தில் நிலைக்கவில்லை. ஆனால் அவர் 'ஞானியர் வாழை' என்று விவரித்தது எந்த வாழையை என்று ஆராய்ந்தவர்கள், அது ரஸ்தாளிதான் என்று காட்டினர். பெயர்ப் பட்டியலில் இதுவும் ஒன்றாகச் சேர வேண்டியது.

ஞானியர் யார்? உரோமானிய அறிஞர் பிளினி, இந்திய ஞானியர் உண்ணும் கனி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இலை பறவையின் இறகு போன்றது, மூன்று முழ நீளம்; பழம் பட்டையிலிருந்து புறப்படும்; ஒரு பழம் நால்வருக்குப் போதும் என்கிறார். இலையை நோக்கினால் வாழை. பழத்தை நோக்கினால் பலா. அம்மரத்துக்கு அவர் தரும் பெயர் 'பாலா'. தமிழ்க் காது இதில் பலாவைக் கேட்டே தீரும். பிளினி எவரோ சொல்லக் கேட்டு எழுதியவர். முக்கனியுள் இரண்டு அவர் ஏட்டில் ஒட்டிப் பிறந்துவிட்டன என்று கொள்வதே பொருந்தும். அந்தக் குழப்பத்தின் பயனாக ஞானியர் பட்டம் ரஸ்தாளிக்கு வந்து சேர்ந்தது. பலாவுக்கு இழப்பு.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இத்துறையில் நினைக்கப்பட வேண்டிய பெயர் செரியன் ஜேக்கப். அவருடைய 'மதராஸ் வாழைகள்' என்னும் ஆங்கில நூல் 1952இல் வெளிவந்தது. அன்றைய சென்னை மாகாணத்து வாழைகளை வகைவகையாக விவரித்த நூல். ஆடுதுறையில் 1949இல் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் அமைந்திருந்த காலம் அது. பின்னர் 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், 15 உறுப்பு அடையாளங்களைக் கொண்டு மதிப்பெண் இட்டு, தோட்டத்து வாழைகள் யாவும் மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டு வாழைகளிலிருந்து வந்தவையென வகுத்தனர். முன்னதற்கு ஏ, பின்னதற்குப் பி. ரஸ்தாளி ஏஏபி: முன்னதன் கூறு இரண்டு, பின்னதன் கூறு ஒன்று. மூன்றடுக்குக் குரோமோசோம்கள் கொண்டது, எண்ணிக்கை 33. இரண்டாய்ப் பிரிய மாட்டாத இம்மூன்றே அதன் மலட்டுத் தன்மைக்கு முதற்காரணம். ஏஏபி என்பதில் கவிதை இல்லை என்று எவரேனும் கூறினால் மறுப்பதற்கில்லை. ஆனால் அமிர்தபாணியும் மால்போக்கும் மர்த்தமானும் மன்சானோவும் உடன்பிறந்தவை என்பதை நிறுவியது இவ்வழி வந்த ஆய்வே. பெயர்களை மட்டும் நம்பியிருந்தால் அவ்வுண்மை வெளிவந்திராது.

உடன்பிறப்பு என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. அது துயரமானது. ஆய்வாளர்களுக்கும் முன்னரே இவ்வுறவைக் 'கண்டு'கொண்டது ஒரு நோய்.

1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பகுதியில் ஜோசப் பான்கிராஃப்ட் என்னும் மருத்துவர் வாழைகள் வாடி மடிவதைக் கண்டு எழுதினார். இலைகள் அடியிலிருந்து மேலாக மஞ்சளாகும். காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். தண்டின் அடி நெடுக வெடிக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். அவர் கண்ட வாழை 'சுகர்'. ரஸ்தாளியேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய அமெரிக்க ஏற்றுமதித் தோட்டங்களை இதே நோய் அழித்தபோது அதற்குப் 'பனாமா வாடல்' என்ற பெயர் வந்தது. முதலில் எழுதப்பட்ட சாட்சி ரஸ்தாளியாக இருந்தும் நோயின் பெயரில் பனாமாவே நின்றது. ஃபுசேரியம் என்னும் மண்வாழ் பூசணம் அதற்குக் காரணம். வேர் வழியே புகுந்து நீரேறும் குழாய்களை அடைக்கும். ஒருமுறை மண்ணில் தங்கினால் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மருந்தால் மண்ணைத் தூய்மை செய்துவிட முடிவதில்லை.

விதையால் பிறக்கும் பயிரில் ஆயிரத்தில் ஒன்று தாக்குப்பிடிக்கும். அதிலிருந்து மீண்டும் குலம் பெருகும். ரஸ்தாளிக்கு அந்த ஆயிரத்தில் ஒன்று இல்லை, ஏனெனில் ஆயிரமும் ஒன்றே. அமிர்தபாணி என்ற பெயருக்காக நோய் தயங்கவில்லை; ராஜா என்றதற்காக வழிவிடவில்லை. பிரேசிலில் மசாவின் தோட்டங்கள் பெருமளவு குன்றின. இலங்கையில் கோலிகுட்டு இதே நோயால் அல்லலுற்றது. நஞ்சன்கூட்டில் ரசபாளெ விரல்விட்டு எண்ணத்தக்க தோட்டங்களாகச் சுருங்கியது. காவிரிக் கரையில் ரஸ்தாளி பயிரிட்டவர்கள் பலர் வேறு வகைகளுக்கு மாறினர். மாறாதவர்கள் நெல்லோடு மாற்றிப் பயிரிட்டும், தூய கன்று தேடியும் காத்து வருகின்றனர்.

இந்நோய் பரவும் வழியைக் கருதும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. மண்ணாலும் பாசன நீராலும் பரவும். ஆயினும் தொலைதூரம் அதனைக் கொண்டு சென்றது பக்கக்கன்று. நோய்ப்பட்ட தாயின் கன்று சில காலம் பசுமையாகவே நிற்கும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அனுப்பிய கன்று, விருந்தாளியின் கையில் கொடுத்தனுப்பிய கன்று, கப்பலேறிய கன்று: பெயரைப் பரப்பிய அதே கைகளே, அறியாமல், வாடலையும் பரப்பின. கொடைக்கும் கேட்டுக்கும் பாதை ஒன்றாக இருந்தது.

இனிப் பெயரின் பக்கம் திரும்பினால் ஒரு விந்தை தெரியும். மேலே சொன்ன பெயர்களுள் ஒன்றேனும் இவ்வாழையின் நலிவைச் சொல்லவில்லை. சாறு, அமுதம், போகம், அரசன், பட்டு, சர்க்கரை, ஞானியர் என யாவும் புகழ்ச்சியே. வைத்தவர்கள் உண்டவர்கள், நட்டவர்கள் வைத்திருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும். உதிர்பழம், வெடிதோல், நடுக்கல், போர்த்தி வளர்த்தாள் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லத் தெரியும். தமிழ் அகராதிகளோ அவ்விரு சாராரையும் கேட்காமல், வகைப்பெயர் பலவற்றுக்கு நேரே வாழைவகை என்ற ஒரே விளக்கத்தை எழுதி அமைந்தன. அகராதி தொகுத்தோர் உழைப்பு பெரிது. அதனை மறுப்பார் இல்லை. எனினும் எந்த நிறம், எந்த மணம், எந்த மண் என்பதைச் சொல்லாத விளக்கம், பெயரைப் பெட்டியில் இட்டுத் திறவுகோலை எறிந்ததற்கு ஒப்பாகும். கவிதையும் இதில் பெரிதும் மேம்பட்டதில்லை. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் வாழை வருகிறது. அது மலைச்சாரல் வாழை, பொதுப்பெயரால் வருகிறது. அன்று அதுவே போதியதாயிருந்தது. வகை பெருகிய பிற்காலத்திலும் புலவர்கள் பொதுப்பெயரோடே நின்றது ஏன் என்பது இத்தகைய அவைகள் எடுத்துக்கொள்ளத்தக்க வினா.

பெயரைக் காக்கும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. 2005-06இல் நஞ்சன்கூட்டு வாழை அக்குறியீட்டைப் பெற்றது. சில ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டின் விருப்பாச்சியும் சிறுமலை வாழையும் பெற்றன. வேறு ஊர்ப் பழத்தை நஞ்சன்கூட்டின் பெயரால் விற்பதை அச்சட்டம் தடுக்கும். பூசணத்தைத் தடுக்க அதனிடம் பிரிவு ஏதும் இல்லை. பெயருக்கு அரண் எழுந்த வேளையில் அப்பெயருக்குரிய வாழை வேலிக்குள்ளே அருகிக்கொண்டிருந்தது.

உயிரைக் காக்கும் முயற்சி வேறிடங்களில் நடக்கிறது. 1993இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டிய வாழைகள் வரிசை வரிசையாக வளர்க்கப்படுகின்றன. மாநிலங்களின் எல்லையில் பிரிந்து நின்ற பெயர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் நின்று, ஒரே தண்டும் ஒரே திட்டும் ஒரே செவ்விளிம்பும் காட்டிக் கொடுக்கத் தாம் ஒன்றென ஒப்புக்கொள்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் நகரப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் இயங்கும் சர்வதேச வாழைச் சேமிப்பகத்தில் 1,500க்கு மேற்பட்ட வாழைகள் கண்ணாடிக் குழாய்களில் விரலளவுக் கன்றுகளாக இருக்கின்றன. பல வகைகளின் குருத்துகள் திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் உறங்குகின்றன. குழாய் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணின் பக்கத்தில், அது எங்கிருந்து வந்ததோ அந்த மண்ணின் பெயரையும் எழுதி வைக்கிறார்கள். வாழையே விளையாத நாட்டில், குளிர் அறைக்குள், வெப்ப நாட்டுப் பெயர்கள்.

சந்தையின் போக்கு இதற்கு மாறானது. நகரத்துக் கடைகளில் வாழைப்பழம் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கேவண்டிஷ் இனத்துப் பழம். பனாமா வாடலின் முதல் வகைக்கு அது இடங்கொடாததாலேயே உலகச் சந்தையைப் பிடித்தது. அதன் புதிய வகை ஒன்று இப்போது கேவண்டிஷையும் தாக்கத் தொடங்கி, 2019இல் தென் அமெரிக்காவிலும் உறுதி செய்யப்பட்டது. ஒரே உடலை உலகெங்கும் நட்டதன் விளைவு அங்கும் அதுவே. வேறுபாடு ஒன்று உண்டு: ரஸ்தாளிக்கு நாடெங்கும் பெயர்கள் இருந்தன; அதனால் அதைத் தேடிச் செல்வோர் இன்னும் இருக்கின்றனர். பெயர் கேட்டு வாங்கப்படாத பழம் மறைந்தால், எது மறைந்தது என்று கேட்பதற்கும் ஆள் இருக்காது.

கரூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கன்று எடுப்போர் இன்றும் ஒரு முறையைப் பின்பற்றுகின்றனர். அகன்ற இலை விட்ட நீர்க்கன்றைத் தொடுவதில்லை. வாள்போல் குறுகிய இலையோடு நிமிர்ந்த ஈட்டிக்கன்றையே எடுப்பர். தாய்மரத்தில் வாடல் இல்லையென முதலில் பார்ப்பர். கிழங்கை மண் போகச் சீவி, உள்ளே செம்பழுப்புக் கோடு ஏதும் ஓடுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பர். வெண்மையாக இருந்தால் எடுத்து வைப்பர். அதன்பின் இலைக்காம்பின் ஓரத்துச் செம்மையை விரலால் நீவிப் பார்த்து, வாங்க வந்தவரிடம் அதன் பெயரைச் சொல்லிக் கொடுப்பர்.